கடன் செயலிகள்: மானத்தை ஈடாகக் கேட்கும் புதிய கந்துவட்டி

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஊதியம் பத்து நாள் தள்ளிப்போகிறது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல்; பள்ளிக் கட்டணத்திற்கும் தவணை நெருங்குகிறது. வங்கி அவருக்குத் தனிநபர் கடன் தராது. நகையென்று சொல்ல ஏதுமில்லை. கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி ஒன்று 'ஐந்தே நிமிடத்தில் கடன், ஆவணம் தேவையில்லை' என்கிறது. செயலியைத் தரவிறக்கி, ஆதாரையும் பான் அட்டையையும் பதிவேற்றி, கேட்கப்பட்ட அனுமதிகளுக்கெல்லாம் ஒப்புதல் தருகிறார். 5,000 ரூபாய் கடன் என்று திரையில் தெரிகிறது. கணக்கில் ஏறுவதோ 3,500 ரூபாய். மீதி 'செயலாக்கக் கட்டணம்'. ஏழாம் நாள் 5,000 ரூபாயையும் திருப்பிக் கட்ட வேண்டும். எட்டாம் நாள் காலையில் அவருடைய மேற்பார்வையாளருக்கும், வீட்டு உரிமையாளருக்கும், மகளின் ஆசிரியைக்கும் அழைப்புகள் செல்கின்றன. வாட்ஸ்அப்பில் 'திருடர்' என்ற தலைப்புடன் அவருடைய படம் வலம் வருகிறது.

இவர் நாம் கற்பனை செய்துகொண்ட மனிதர்தான். ஆனால் இந்த வழிமுறை கற்பனையன்று. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஐதராபாத் காவல்துறை கடன் செயலிகள் மீது அடுத்தடுத்து வழக்குகள் பதிந்தது முதல் இன்றுவரை, பல மாநிலங்களின் வழக்குகளில் இதே வரிசை திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளது. மிரட்டல் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் அவ்வழக்குகளில் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 ரூபாய் என்றால் வாரத்திற்கு ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 2,200 விழுக்காட்டைத் தாண்டும். மாதம் பத்து வட்டி வாங்கும் கந்துவட்டிக்காரரின் ஆண்டு வட்டி 120 விழுக்காடுதான். எனினும் வட்டி மட்டுமே இங்குச் சிக்கல் என்று பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். இந்தக் கடனுக்கு ஈடாக வைக்கப்படுவது எது, அந்த ஈட்டைக் கைப்பற்றும்போது அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு எந்த அரசுக்கு உரியது என்ற இரு கேள்விகளே நமக்கு முதன்மையானவை.

நிலமில்லாதவரின் ஈடு

கடனுக்கு ஈடு வேண்டும் என்பது பழைய விதி. நிலமும் வீட்டுமனைப் பட்டாவும் பொன்னும் உள்ளவர் அவற்றை வைப்பார். தலைமுறை தலைமுறையாக நிலவுரிமை மறுக்கப்பட்ட சமூகத்திடம் அவை இல்லை. எனவே தலித் மக்களிடம் ஈடாகப் பெறப்பட்டது அவர்களுடைய உடலுழைப்பு. பண்ணையில் பெற்ற சிறு கடனுக்காகப் பிள்ளைகளையும் சேர்த்து உழைக்கவைத்த முறை அது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களை அடியோடு இல்லாமலாக்கியது. ஆனால் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கரும்பு வெட்டும் இடங்களிலும் 'முன்பணம்' என்ற பெயரில் அது தொடர்வதை, மீட்கப்படும் ஒவ்வொரு குடும்பமும் நமக்கு நினைவூட்டுகிறது.

கடன் செயலி உடலுழைப்பைக் கேட்பதில்லை. தொடர்பு எண்களின் பட்டியலைக் கேட்கிறது. கடன் வாங்குபவரை அறிந்தவர்கள் யார், அவர் யார் முன் தலைகுனிய அஞ்சுவார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. பழைய கந்துவட்டிக்காரர் ஒரு வீட்டின் வாசலில் நின்று கத்துவார், தெரு கேட்கும். செயலியின் வசூலாளர் ஒரே நேரத்தில் இருநூறு வாசல்களில் நின்று கத்துகிறார். ஈடு என்பது இங்கே மானம்தான்.

மானம் எல்லோருக்கும் உண்டு. கடன் செயலிகளிடம் சிக்கியவர்களில் எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் சாதிச் சமூகத்தில் அவமானத்தின் எடை எல்லோருக்கும் ஒன்றன்று. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் தலித் குடும்பங்கள் பலவும் சாதியைச் சொல்லாமல்தான் வீடு பெறுகின்றன. சாதிப் பெயரையே வசையாகப் பயன்படுத்தும் வசூலாளரின் ஒரு குரல் பதிவு வீட்டு உரிமையாளரை அடைந்தால், அக்குடும்பம் கடனாளி என்பதோடு அதன் சாதியும் அம்பலமாகிறது. அடுத்த மாதம் 'வீட்டைக் காலி செய்யுங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒப்பந்தப் பணியில் இருப்பவருக்கு மேற்பார்வையாளரின் ஒரு சொல் போதும், வேலை போய்விடும். பெண்களின் படங்களை ஆபாசமாகத் திரித்து அனுப்புவதாக மிரட்டும்போது, சாதியும் பாலினமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. இவ்வாறு சமூகம் ஏற்கெனவே சுமத்தி வைத்திருக்கும் இழிவைச் செயலி தன் வசூல் கருவியாக்கிக்கொள்கிறது.

மாநிலச் சட்டமும் ரிசர்வ் வங்கி உரிமமும்

கடன் செயலி சட்டப்படி செல்லுமா என்று கேட்டால், எந்த மாநிலத்தில், எவருடைய உரிமத்தோடு என்ற எதிர்க்கேள்வியே பதிலாக வருகிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலும் கடன் கொடுப்போரும் மாநிலப் பட்டியலின் 30-ஆம் பதிவில் உள்ளனர். வங்கித் தொழிலோ ஒன்றியப் பட்டியலின் 45-ஆம் பதிவில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் வளர்ந்தவை வங்கிசாரா நிதி நிறுவனங்கள். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, நாடு முழுதும் கடன் கொடுப்பவை அவை.

மாநிலங்கள் தம் பங்குக்குச் சட்டங்கள் இயற்றின. தமிழ்நாடு 2003-இல் கடும் வட்டி வசூலித்தலைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனத் தெருவில் புழங்கும் பெயர்களையே அச்சட்டம் வரையறுத்துக் குற்றமாக்கியது. கடன் கொடுத்தவரின் தொல்லைக்கு ஆளான உடனேயே கடனாளி தற்கொலை செய்துகொண்டால், அதைத் தூண்டியவர் கடன் கொடுத்தவரே என்று அனுமானிக்கவும் அது வழிசெய்தது. அச்சட்டம் இருக்கும்போதுதான் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. ஆந்திரப் பிரதேசம் 2010-இல் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதைச் சட்டமாக்கியது.

2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குக் கேரளம், குஜராத் ஆகிய மாநிலங்களின் கடன் கொடுப்போர் சட்டங்கள் பொருந்தா என்பதே தீர்ப்பின் சாரம். இதே வழியில், ஆந்திராவின் நுண்கடன் சட்டமும் இந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது எனத் தெலங்கானா உயர்நீதிமன்றம் 2023-இல் கூறியது. மாநிலம் விதிக்கும் வட்டி வரம்பு பதிவு பெற்ற நிறுவனத்தைத் தொடாது. ரிசர்வ் வங்கியோ இத்தகைய சிறு தனிநபர் கடன்களுக்கு வட்டி உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. வட்டி மிகையாக இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. அளவு மீறிய வட்டிக்காக 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதை அது தடுத்து நிறுத்தியது உண்மை. ஆனால் சில மாதங்களிலேயே அத்தடைகள் விலக்கப்பட்டன.

2025-இல் மீண்டும் மாநிலங்கள் முன்வந்தன. கர்நாடகம் பிப்ரவரியில் அவசரச் சட்டம் பிறப்பித்து, வற்புறுத்தி வசூலிப்போருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்தது. பதிவு பெறாதவர்கள் நலிந்த பிரிவினருக்குக் கொடுத்த கடன்கள் தீர்ந்தவையாகக் கருதப்படும் என்றும் அறிவித்தது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடும் அதே ஆண்டில் கடன் வழங்கும் நிறுவனங்களின் வற்புறுத்தல் நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எனவே ஓசூரில் இருக்கும் கடனாளிக்கும் அத்திப்பள்ளியில் இருக்கும் கடனாளிக்கும் சட்டம் வேறு. இருவரையும் மிரட்டும் குரல் மட்டும் ஒன்றே. அது இவ்விரு மாநிலங்களிலும் இல்லாத ஓர் அழைப்பு மையத்திலிருந்து வருகிறது.

வாடகைக்கு விடப்படும் உரிமம்

இணையவழிக் கடன்களை ஆராய ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்த ஆண்டின் முதல் இரு மாதங்களில் இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100; அவற்றில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை என அக்குழு கண்டறிந்தது. 2022 செப்டம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளும், 2025 மே மாதத்தில் அவற்றை ஒருங்கிணைத்த புதிய விதிகளும் வந்தன. தொடர்பு எண்கள், கோப்புகள், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைச் செயலி தொடக் கூடாது. கடன் தொகை நேரே கடனாளியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் முன்கூட்டியே எழுத்தில் தரப்பட வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றிக் கடனைத் திருப்பித் தர ஓர் அவகாசம் வேண்டும். 2025 ஜூலை முதல், தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் செயலிகள் எவை என்ற பட்டியலையும் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்துள்ளது.

விதிகள் நல்லவை. ஆனால் அவை கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற நிறுவனங்களையும் அவற்றின் முகவர்களையும் மட்டுமே. பதிவே இல்லாத செயலிக்கு விதியும் இல்லை, மீறலும் இல்லை. 60 நாள்களுக்குள் முழுத் தொகையையும் கேட்கும் கடன் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால் அவை குறுஞ்செய்தி இணைப்புகள் வழியே நேரடியாகக் கைப்பேசிக்குள் நுழைகின்றன. இதற்கிடையே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: செயல்படாமல் கிடக்கும் சிறு நிதி நிறுவனம் ஒன்றின் உரிமத்தை வாடகைக்கு எடுத்து, அதன் பெயரில் இயங்கும் செயலிகள். 2022 மே மாதத்தில் இத்தகைய செயலிக் கடன் முறைகேடுகளுக்காக ஐந்து நிறுவனங்களின் பதிவை ரிசர்வ் வங்கி நீக்கியது. 2021-இல் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் அறிமுகமானபோது, வைப்புத்தொகை பெறாத நிதி நிறுவனங்களில் 100 கோடி ரூபாய்க்குக் குறைந்த சொத்துடையவை அதன் வரம்புக்கு வெளியே விடப்பட்டன என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஏமாற்றப்படும் எளிய மக்கள் எதிர்கொள்பவை பெரும்பாலும் பெயர் தெரியாத சிறு நிறுவனங்களே.

அமெரிக்கா இந்த வித்தையை நமக்கு முன்பே கண்ட நாடு. சம்பள நாள் வரைக்குமான குறுங்கடன் அங்கே பெருந்தொழில். நியூயார்க் மாநிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி குற்றம். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் நூற்றுக்கணக்கான விழுக்காடு வட்டிக்குக் கடன் கிடைக்கும். 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு தேசிய வங்கி தான் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டி விதியைப் பிற மாநிலத்தாரிடமும் வசூலிக்கலாம் என்றது. இதைப் பயன்படுத்தி, வரம்பில்லாத மாநிலத்தின் வங்கி ஒன்றோடு கூட்டுச் சேரும் உத்தி பிறந்தது. வேறு சிலர் பூர்வகுடி மக்களின் தன்னாட்சியை வாடகைக்கு எடுத்தனர். பூர்வகுடி அரசின் நிறுவனத்தை மாநிலச் சட்டம் தொட முடியாது என்பது அவர்களின் வாதம். ஸ்காட் டக்கர் என்ற தொழிலதிபர் இவ்வாறு பல்லாண்டுகள் இணையக் கடன் தொழில் நடத்தி, 2018-இல் 16 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். வருவாயில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் பூர்வகுடியினருக்குச் சென்றதென அரசுத் தரப்பு கூறியது. ஒடுக்கப்பட்டோரின் உரிமையைக் கேடயமாக்கி ஒடுக்கப்பட்டோரையே சுரண்டும் சூழ்ச்சி எந்த நாட்டுக்கும் அயலானதன்று.

உரிமம் யாருடையதாயினும் மிரட்டல் குற்றமே

இந்தச் சட்டச் சிக்கலில் மாநில அரசுகள் வசதியாக ஒளிந்துகொள்கின்றன என்பதே நம் குற்றச்சாட்டு. வட்டியை வரையறுப்பதில் மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு பதிவுகள். மிரட்டிப் பணம் பறித்தல், பெண்களைப் பின்தொடர்தல், படங்களைத் திரித்துப் பரப்புதல் ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழும் குற்றங்கள். ரிசர்வ் வங்கியின் உரிமம் கடன் கொடுப்பதற்கானது, அவமானப்படுத்துவதற்கானதன்று. நெடும்பிள்ளித் தீர்ப்பு எந்த நிதி நிறுவனத்துக்கும் குற்றவியல் சட்டத்திலிருந்து விலக்களிக்கவில்லை.

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் உள்ளன. இங்கே இரு தடைகள் எழும். ஒன்று, 'பொதுமக்கள் பார்வையில்' நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இருவருக்கிடையேயான தனிப்பட்ட தொலைபேசிப் பேச்சு இதற்குள் வராது என நீதிமன்றங்கள் கூறி வந்துள்ளன. ஆனால் வசூலாளர் அந்த வசையைத் தொடர்பு எண்களுக்கெல்லாம் அனுப்பும்போதும், வாட்ஸ்அப் குழுவில் பதிவிடும்போதும் அது தனிப்பட்ட பேச்சாக இருப்பதில்லை. இணையத்தில் பரப்பப்பட்ட சாதி இழிவும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே எனக் கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் ஏற்றுள்ளது. இரண்டாவது, 'அவர் தலித் என்று எனக்குத் தெரியாது' என்ற தற்காப்பு. கடனாளியின் ஆவணங்களையும் தொடர்புகளையும் முழுதாக அள்ளிக்கொண்ட ஒருவர் இதைச் சொல்வதை, விசாரணை அலுவலர் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

'இது சைபர் குற்றம். எங்கள் எல்லைக்குள் வராது' என்று காவல் நிலையங்கள் திருப்பியனுப்புவதும் செல்லாது. குற்றம் எங்கு நிகழ்ந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. வன்கொடுமைப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு. கடமை தவறும் அலுவலர் மீது 4-ஆம் பிரிவு பாயும்.

சிக்கிக்கொண்டவர் செய்யத்தக்கவை

முதலில், சான்றுகளைக் காப்பாற்ற வேண்டும். பயத்தில் செயலியை நீக்குவதற்கு முன் கடன் விவரம், வரவான தொகை, யுபிஐ எண், மிரட்டல் செய்திகள், அழைப்பு எண்கள் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து வேறொருவரின் கைப்பேசிக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதன்பின் செயலிக்குக் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறலாம்.

அடுத்து, அச்செயலி ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாள்களுக்குள் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; உதவி எண் 14448. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைப்பதே விதிமீறல். பட்டியலில் இல்லையெனில் 1930 என்ற எண்ணுக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் புகார் செல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் பதியலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இவ்வுதவி கிடைக்கும்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் பெறுவதுதான் குழியை ஆழமாக்குவது. தொடர்பில் உள்ளவர்களிடம் 'இப்படி அழைப்பு வந்தால் நம்பாதீர்கள்' என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வசூலாளரின் ஆயுதம் பாதி மழுங்கிவிடும். கடன்பட்டது குற்றமன்று. அதைச் சொல்லும் துணிவைத் தனிமனிதரிடம் மட்டும் எதிர்பார்க்காமல், குடியிருப்புச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மகளிர் குழுக்களும் உடன் நின்று தர வேண்டும்.

நாம் கேட்பவை

ஒன்று: செயலி மிரட்டல் வழக்குகளில் பாதிக்கப்பட்டோரின் சமூகப் பிரிவு பதிவு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். எண்ணப்படாத துயரத்துக்குக் கொள்கை வகுக்கப்படுவதில்லை. இரண்டு: பதிவு பெறாதோர் கொடுத்த கடன் செல்லாது என்ற கர்நாடகத்தின் வழியை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக்கு வெளியிட்ட, முறைப்படுத்தப்படாத கடன் தொழிலைத் தடை செய்யும் வரைவு மசோதாவிலும் கடனாளிக்கு இந்தப் பாதுகாப்பு தெளிவாக இடம்பெற வேண்டும். மூன்று: ரிசர்வ் வங்கி சிறு கடன்களுக்குக் கட்டணங்களையும் உள்ளடக்கிய வட்டி உச்சவரம்பை விதிக்க வேண்டும். நான்கு: தாட்கோவும் கூட்டுறவு வங்கிகளும் தொழில் கடனோடு நில்லாமல், மருத்துவம், கல்வி போன்ற அவசரத் தேவைகளுக்கு ஈடு கேட்காத சிறு கடனை ஓரிரு நாளில் வழங்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகச் சான்றிதழ்களோடு மாதக்கணக்கில் அலைய வேண்டுமெனில், மக்கள் ஐந்து நிமிடச் செயலியைத்தான் நாடுவர்.

ஐந்தாவது கோரிக்கை புதியதன்று; சட்டத்திலேயே உள்ளது. ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் வழங்க வேண்டும் என்பது பொது விதி. ஒப்பந்ததாரர் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்டது. தூய்மைப் பணியில் முதன்மை வேலையளிப்பவர் வேறு யாருமல்லர், நகராட்சிகளும் மாநகராட்சிகளுமே. நாம் முதலில் பேசிய தொழிலாளிக்கு அந்த ஊதியம் உரிய நாளில் வந்திருந்தால், அவர் அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்தே இருக்கமாட்டார். கடன் செயலியைத் தேடிப் பிடிப்பதாகச் சொல்லும் அரசு, தான் தர வேண்டிய சம்பளத்தை நாள் தவறாமல் தருவதிலிருந்து தொடங்கட்டும்.